காலநிலை மாநாட்டுச் செய்தியை ஏமாறாமல் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நவம்பர் பிறந்தால் காலநிலை மாநாடு வரும். கூடவே இரண்டு விதச் செய்திகளும் வரும். ஒன்று ‘வரலாற்று உடன்பாடு’ என்று கொண்டாடும். மற்றொன்று ‘மறுபடியும் ஏமாற்றம்’ என்று கைவிரிக்கும். 2024 நவம்பர் 24 அதிகாலை அஜர்பைஜானின் பாகூ நகரில் மாநாடு முடிந்தபோதும் இதே கதைதான். ஒரு செய்தியில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர், இன்னொன்றில் 1.3 லட்சம் கோடி டாலர். இரண்டுமே பொய் இல்லை. ஒரே தீர்மானத்தில் அடுத்தடுத்த பத்திகளில் இந்த இரண்டு தொகைகளும் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு முன்னின்று பொறுப்பேற்க ஆள் உண்டு. மற்றொன்று எல்லாருக்கும் பொதுவான வேண்டுகோள், ஆகவே யாரையும் கட்டாது.

இந்த வேறுபாட்டை வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கலாம். அறிவியல் பட்டமோ மாநாட்டு அனுமதி அட்டையோ வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் நான்கைந்து தளங்களும் சில படிகளும் போதும்.

1. எது பேச்சுவார்த்தை, எது கடைத்தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

1992-இல் உருவான ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகள் ஆண்டுதோறும் கூடுவதைத்தான் ‘காப்’ என்கிறார்கள். முதல் கூட்டம் 1995-இல் பெர்லினில் நடந்தது. பாரிஸ் ஒப்பந்தம் பிறந்த 2015 கூட்டம் 21-ஆவது. அதனால்தான் எண்ணோடு சேர்த்து காப் 21, காப் 29 என்று எழுதுகிறார்கள்.

திருவிழாவுக்குப் போகிறவருக்கு முதலில் கடைத்தெருதான் கண்ணில் படும். சந்நிதி உள்ளே எங்கோ இருக்கும். காப் மாநாடும் அப்படித்தான். 2023-இல் துபாய்க்கு வந்தவர்கள் 80,000 பேருக்கு மேல். அவர்களில் தீர்மான வாசகத்தில் கைவைக்கக்கூடியவர்கள் சிறு கூட்டம். மற்றவர்கள் அரங்குகள், கருத்தரங்குகள், நிறுவன அறிவிப்புகள், போராட்டங்கள், படப்பிடிப்புகள் என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். சமூக ஊடகத்தில் நீங்கள் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை இந்தக் கடைத்தெருவில் எடுத்தவைதான்.

தலைவர்களின் உரையும் பேச்சுவார்த்தையில் சேராது. 2021 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோவில் பிரதமர் மோடி ஐந்து உறுதிகளை அறிவித்தார். 2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, 2030-க்குள் புதைபடிவம் சாரா (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத) மின்திறன் 500 ஜிகாவாட் என்பவை அவற்றில் அடக்கம். 2022 ஆகஸ்டில் இந்தியா ஐ.நா.வுக்கு முறைப்படி அனுப்பிய இலக்குகளில் அந்த 500 ஜிகாவாட் எண் இல்லை. உமிழ்வுச் செறிவை, அதாவது பொருளாதார உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியாகும் உமிழ்வை, 2005 அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பது, மின் நிறுவுதிறனில் பாதியைப் புதைபடிவம் அல்லாத மூலங்களுக்கு மாற்றுவது ஆகியவை இருந்தன. உரையைப் படித்துவிட்டு ‘இந்தியா ஐ.நா.வில் கையெழுத்திட்டது’ என்று பதிவு போட்டவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள்.

எனவே எந்தச் செய்தி வந்தாலும் முதல் கேள்வி: இது ஏறத்தாழ 200 நாடுகளும் ஏற்ற தீர்மானமா, சில நாடுகள் தாமாகச் சேர்ந்து வெளியிட்ட பிரகடனமா, ஒரு நாட்டின் அறிவிப்பா, அல்லது ஒரு நிறுவனத்தின் விளம்பரமா?

2. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

நிதி, தகவமைப்பு (மாறும் காலநிலைக்கு ஏற்பத் தயாராவது), இழப்பும் சேதமும், உமிழ்வுக் குறைப்பு, கார்பன் சந்தை, நியாயமான நிலைமாற்றம் என்று ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். பெரிய நாடுகளின் குழுக்களே ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும்போது தனியாள் எல்லாவற்றையும் பின்தொடர முடியாது. முதல் ஆண்டு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. எண்கள் இருப்பதால் பிடிமானம் கிடைக்கும். மற்ற எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து முட்டும்.

3. பார்வை வேறுபடும் தளங்களை இணைத்துப் படியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எந்தத் தளமும் நடுவில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் ‘எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்’. கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.ஐ.எஸ்.டி. நிறுவனம் 1992 முதல் நடத்துவது. எந்த நாடு எந்தப் பத்தியை எதிர்த்தது, எது ஆதரித்தது என்று நாள்தோறும் குறிப்பு எழுதுவார்கள். உணர்ச்சியே இருக்காது. முதல் வாசிப்பில் தூக்கம் வரும் என்பதை ஒளிப்பதில் பயனில்லை. ஆனால் மாநாடு முடிந்து வரும் தொகுப்பு இதழின் கடைசியில் ஒரு சிறு அலசல் இருக்கும். ஆண்டுக்கு அதை மட்டும் படித்தாலே பாதி விஷயம் பிடிபடும்.

அடுத்து ‘ஈக்கோ’. சுற்றுச்சூழல் அமைப்புகள் கூடும் இடங்களில் 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டுக் காலத்திலிருந்து வருகிற செய்திமடல். இப்போது கிளைமேட் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பு காப் மாநாடுகளில் இதை வெளியிடுகிறது. கிண்டல், குத்தல், உள்விவரம் எல்லாம் உண்டு. இதே கூட்டமைப்பு 1999 முதல் ‘ஃபாசில் ஆஃப் தி டே’ என்ற கேலி விருதையும் கொடுத்துவருகிறது. ‘இந்த நாட்டுக்கு ஐ.நா. மாநாட்டில் அவமான விருது’ என்று தலைப்பு வந்தால், கொடுத்தது ஐ.நா. இல்லை, பிரசாரக் குழு என்று புரிந்துகொள்ளுங்கள்.

மலேசியாவின் பினாங்கிலிருந்து இயங்கும் ‘தேர்ட் வேர்ல்டு நெட்வொர்க்’ வளரும் நாடுகளின் பக்கத்தில் நின்று எழுதும். இந்தியாவும் சீனாவும் ஏன் ஒரு பத்தியை எதிர்த்தன என்பதற்கு அவர்கள் தரப்பு வாதம் முழுதாக இங்கேதான் கிடைக்கும். மேலைநாட்டு ஊடகங்களில் அது ஒற்றை வரியாகச் சுருங்கியிருக்கும். பிரிட்டனைச் சேர்ந்த ‘கார்பன் பிரீஃப்’ மாநாடு முடிந்த ஓரிரு நாளில் மிக நீண்ட தொகுப்பு ஒன்றை வெளியிடும். பொருள்வாரியாகத் தலைப்பிட்டிருப்பதால் நீங்கள் தேர்ந்த பொருளை மட்டும் படிக்கலாம். கசிந்த ஆவணங்களுக்கும் உள்ளறைச் செய்திகளுக்கும் ‘கிளைமேட் ஹோம் நியூஸ்’.

இந்திய அரசின் நிலையை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் தமிழிலும் வெளியிடுகிறது. மொழிபெயர்ப்பு சில நேரம் கரடுமுரடாக இருந்தாலும் அது அதிகாரப்பூர்வ வாசகம். எந்த அரசும் தன் பங்கைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லும் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

நம் தமிழ் நாளிதழ்களில் வரும் மாநாட்டுச் செய்தி பெரும்பாலும் பன்னாட்டுச் செய்தி முகமைகள் வழியாக வருவது. குறை சொல்லவில்லை, இரண்டு வாரம் வெளிநாட்டில் நிருபரை நிறுத்துவது எளிய செலவல்ல. ஆனால் செய்தி யார் கண்ணால் பார்க்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குக் கிளாஸ்கோவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2021 நவம்பர் 13, சனிக்கிழமை மாலை. வரைவில் நிலக்கரி மின்சாரத்தைப் ‘படிப்படியாகக் கைவிடுதல்’ என்று இருந்தது. இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் அதைப் ‘படிப்படியாகக் குறைத்தல்’ என்று மாற்றி வாசித்தார். மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. இந்தியா நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பதே அன்றைய செய்தியின் சாரம்.

அதே செய்தியில் பல இடங்களில் விடுபட்டவை இவை: மூன்று நாள் முன்பு, நவம்பர் 10 அன்று, அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட கூட்டறிக்கையிலேயே நிலக்கரிக்குக் ‘குறைத்தல்’ என்ற சொல்தான் இருந்தது. சீனாவும் கைவிடும் வாசகத்தை விரும்பவில்லை. நிலக்கரியை மட்டும் பெயர் சொல்லிவிட்டு எண்ணெயையும் எரிவாயுவையும் ஏன் விட்டீர்கள் என்ற வளரும் நாடுகளின் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இந்தியா செய்தது சரியா என்பது தனி விவாதம். நானே அதில் முழுதாக அரசின் பக்கம் இல்லை. ஆனால் ஒரு நாடு தனியாகக் கெடுத்தது என்ற கதை, கடைசி ஐந்து நிமிடத்தில் கேமரா யார் மேல் இருந்தது என்பதால் உருவானது.

4. வரைவைக் கண்டு பதறாதீர்கள்

இரண்டாவது வாரத்தில் ‘வரைவிலிருந்து இது நீக்கம்’, ‘அது சேர்ப்பு’ என்று செய்தி கொட்டும். ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் தளத்தில் அந்த வரைவுகளே பதிவேறும். திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை இன்னும் ஒப்புக்கொள்ளப்படாதவை. ‘விருப்பம் 1, விருப்பம் 2’ என்று இருந்தால் இரு தரப்பும் பிடிவாதமாக நிற்கின்றன என்று பொருள். ஒரு பத்திக்குள் பத்து அடைப்புக்குறி இருந்தால் அதைப் பற்றி இன்று எழுதுவது வீண்வேலை.

சில வரைவுகள் யாரும் எதிர்பார்க்காத அளவு மோசமாக இருக்கும். ஒரு தரப்பைச் சீண்டி, அதன் உண்மையான எல்லையை வெளியே கொண்டுவரவே சில நேரம் அப்படி எழுதுவார்கள். வேண்டுமென்றே கசியவிடுவதும் நடக்கும். 2009 கோபன்ஹேகனில் டென்மார்க்கின் வரைவு ஒன்று மாநாடு தொடங்கிய இரண்டாம் நாளே ‘கார்டியன்’ நாளிதழில் வெளியானது. பணக்கார நாடுகள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன என்ற கோபம் வளரும் நாடுகளிடையே மூண்டது; அந்த அவநம்பிக்கை மாநாடு முடியும்வரை தணியவில்லை. கசிந்த தாளைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை எழுதியவர் யார், இது வெளிவந்ததால் ஆதாயம் யாருக்கு?

5. கடைசி இரவுக்குத் தூக்கத்தைச் சேமியுங்கள்

வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய மாநாடு வெள்ளிக்கிழமை முடியாது. 2019 மாட்ரிட் மாநாடு ஞாயிறுவரை இழுத்தது. காரணம் எளிது. வாக்கெடுப்பு விதியில் நாடுகள் ஒருபோதும் உடன்படவில்லை. எனவே எல்லாமே கருத்தொற்றுமையால் நடக்க வேண்டும். எல்லாம் முடியும்வரை எதுவும் முடிந்ததாகாது என்பது அங்குள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் வாசகம்.

நேரக் கணக்கையும் போட்டு வையுங்கள். பாகூ நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்னே. 2025-இல் மாநாடு நடந்த பிரேசிலின் பெலேம் எட்டரை மணி நேரம் பின்னே; அங்கே மாலை 5 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மறுநாள் அதிகாலை 1.30. நிறைவு அமர்வு ஐ.நா. தளத்தில் நேரலையாக வரும், பிறகு பதிவாகவும் இருக்கும். தூக்கம் முக்கியம் என்றால் காலையில் பதிவைப் பாருங்கள். ஆனால் தீர்மானம் நிறைவேறியதன் அடையாளமாக மாநாட்டுத் தலைவர் சுத்தியலைத் தட்டியதும் அணைத்துவிடாதீர்கள். உண்மையான செய்தி பல நேரம் அதற்குப் பிறகுதான் வரும்.

பாகூவில் அப்படித்தான் நடந்தது. வெள்ளியன்று வந்த வரைவில் 25,000 கோடி டாலர் இருந்தது. சனியன்று வறிய நாடுகளின் குழுவும் தீவு நாடுகளின் குழுவும் ஒரு கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்தன. ஞாயிறு அதிகாலை 30,000 கோடி என்று தலைவர் முக்தார் பாபாயேவ் சுத்தியலைத் தட்டினார், கைதட்டல் எழுந்தது. அதன் பின் இந்திய நிதியமைச்சகத்தின் சாந்தினி ரெய்னா ஒலிவாங்கியைப் பிடித்து, பேச அனுமதி கேட்டும் தராமல் முடித்துவிட்டீர்கள், இது வெறும் கண்கட்டு வித்தை, இதை ஏற்க மாட்டோம் என்றார். தீர்மானம் நிறைவேறியது நிறைவேறியதுதான். எதிர்ப்புப் பதிவானது, அவ்வளவே. ‘இந்தியா நிராகரித்தது, எனவே ஒப்பந்தம் செல்லாது’ என்று அன்று காலை சுற்றிய பதிவுகள் தவறு. ‘எல்லா நாடுகளும் மகிழ்ச்சியோடு ஏற்றன’ என்பதும் தவறு. துபாயிலும் இதே போல, தீவு நாடுகளின் பிரதிநிதியான சமோவாவின் ஆன் ராஸ்முசென், நாங்கள் அறைக்குள் வருமுன்பே தட்டிவிட்டீர்கள் என்று சொன்னார்.

கடைசி இரவுக் காட்சிகளில் எனக்குப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2011-இல் நடந்தது. இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த நம் சென்னைக்காரர் ஜெயந்தி நடராஜனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கானி ஹெடகார்டும் அமர்வின் நடுவிலேயே, சுற்றிலும் ஆட்கள் முண்டியடிக்க, நின்றுகொண்டே பேசினார்கள். ‘சட்ட வலுவுடைய ஒப்புக்கொண்ட விளைவு’ என்ற வாசகத்தை பிரேசில் தரப்பு எடுத்துக்கொடுத்தது. நான்கு ஆண்டு கழித்து பாரிஸில் முடிந்த பேச்சு அந்தக் கும்பலிலிருந்துதான் கிளம்பியது.

6. வினைச்சொல்லைப் பாருங்கள், பிறகு பணத்தைப் பிரியுங்கள்

தீர்மானம் வெளிவந்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லில் கண் வையுங்கள். ‘முடிவு செய்கிறது’ என்பது வலுவானது. ‘கோருகிறது’, ‘வலியுறுத்துகிறது’, ‘அழைப்பு விடுக்கிறது’, ‘ஊக்குவிக்கிறது’, ‘கவனத்தில் கொள்கிறது’ என்று போகப் போகப் பிடி தளரும். கோபன்ஹேகனில் தலைவர்கள் பேசி எட்டிய உடன்பாட்டை மாநாடு ஏற்றுக்கொள்ளவே இல்லை, கவனத்தில் மட்டும் கொண்டது. 2018-இல் போலந்தின் கடோவிசேவில், புவி வெப்பம் 1.5 டிகிரி உயர்வது பற்றிய அறிவியல் அறிக்கையை ‘வரவேற்பதா’, ‘கவனத்தில் கொள்வதா’ என்று சண்டை. வரவேற்கக் கூடாது என்றவை அமெரிக்கா, சவூதி அரேபியா, ரஷ்யா, குவைத். சொல்லுக்காக இப்படி அடித்துக்கொள்வது வெளியிலிருந்து பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 2015 பாரிஸில் ஒரே ஒரு துணைவினை கட்டாயப் பொருள் தரும்படி தவறிப்போய் நின்றுவிட, அமெரிக்கா ஒப்பந்தத்தையே ஏற்க முடியாத நிலை வந்தது. கடைசியில் எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு சேர்த்து அதையும் வாசித்து மாற்றினார்கள்.

இப்போது பாகூவுக்கு வாருங்கள். 30,000 கோடிக்கு முன் இருப்பது ‘முடிவு செய்கிறது’; வளர்ந்த நாடுகள் முன்னின்று, 2035-க்குள். 1.3 லட்சம் கோடிக்கு முன் இருப்பது ‘அனைத்துத் தரப்பினருக்கும் அழைப்பு விடுக்கிறது’. தலைப்பில் எந்த எண்ணைப் போடுவது என்பதற்கு இதுவே விடை.

பிறகு பணம். 100 கோடி ஒரு பில்லியன், லட்சம் கோடி ஒரு டிரில்லியன். 300 பில்லியன் என்றால் 30,000 கோடி. 3 லட்சம் கோடி என்று எழுதிவிட்டால் பத்து மடங்கு ஏறிவிடும். அடுத்து ஆண்டுக்கா, மொத்தமா? கடனா, மானியமா? 2009-இல் வளர்ந்த நாடுகள் வாக்குறுதி தந்த ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2022-இல் எட்டப்பட்டது, அந்த ஆண்டு 11,590 கோடி வந்தது என்கிறது பெரும்பாலும் பணக்கார நாடுகள் அடங்கிய ஓ.இ.சி.டி. அமைப்பு. அதே ஆண்டின் உண்மை மதிப்பு 2,800 முதல் 3,500 கோடிதான் என்கிறது ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம். யாரும் கணக்கைத் திரிக்கவில்லை. கடனை முழுத்தொகையாகச் சேர்ப்பதா, அதிலுள்ள சலுகையை மட்டும் சேர்ப்பதா என்பதுதான் வேறுபாட்டின் பெரும்பகுதி. ஆகவே எண்ணை எழுதும்போது எண்ணியவர் பெயரையும் எழுதுங்கள்.

7. பகிருமுன் ஒரு நிமிடம்

மாநாட்டை ஒட்டிப் புரளி கிளம்புவது புதிதல்ல. கோபன்ஹேகனுக்குச் சில வாரம் முன்பு ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு, துண்டு துண்டாக இணையத்தில் உலவின. பின்னர் நடந்த விசாரணைகள் எதிலும் தரவைப் புனைந்ததாகத் தெரியவரவில்லை. ஆனால் அந்த வரிகள் இன்றும் சுற்றுகின்றன. 2023-இல் துபாய் மாநாட்டுக்கு முன் அமீரகத்தைப் புகழும் போலிக் கணக்குகள் ட்விட்டரில் கூட்டமாக முளைத்தன. தனித்தனி ஆட்கள் ஒரே வாசகத்தில் பாராட்டினால் கணக்கு தொடங்கிய தேதியைப் பாருங்கள்.

நல்ல நோக்கத்தோடு வரும் எண்களிலும் கவனம் தேவை. புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களுக்குச் சாதகமாக அரசுகளிடம் பேசும் தரகர்கள் (லாபியிஸ்ட்கள்) எத்தனை பேர் வந்தார்கள் என்று ‘கிக் பிக் பொல்யூட்டர்ஸ் அவுட்’ கூட்டணி ஆண்டுதோறும் பங்கேற்பாளர் பட்டியலை வைத்து எண்ணுகிறது. துபாயில் 2,456, பாகூவில் 1,773, பெலேமில் 1,602. குறைந்துவிட்டது என்றும் எழுதலாம். ஆனால் பெலேமுக்கு வந்த கூட்டமே குறைவு. 25 பேரில் ஒருவர் தரகர், விகிதத்தில் அதுவே அதிகம் என்கிறது அதே கூட்டணி. எண்ணிக்கையையும் விகிதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் படிப்பவருக்கு விஷயம் விளங்கும்.

‘ஐ.நா. சொன்னது’ என்று மட்டும் எழுதாதீர்கள். பொதுச் செயலாளரின் பேச்சு, செயலகத்தின் அறிக்கை, ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு விஞ்ஞானிகளின் மதிப்பீடு, நாடுகளின் தீர்மானம் ஆகிய நான்கும் நான்கு விதம். துபாய் தீர்மானம் புதைபடிவ எரிபொருளிலிருந்து ‘எரிசக்தி அமைப்புகளில்’ விலகிச் செல்லச் சொல்கிறது, அதுவும் அழைப்பாக. அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டு ‘எண்ணெய் யுகம் முடிந்தது’ என்று எழுதினால் பிளாஸ்டிக்குக்குப் போகும் எண்ணெயையும் சேர்த்து முடித்துவைத்துவிடுவீர்கள்.

வரைவு பற்றிய பதிவுகளில் நாளோடு நேரமும் போடுங்கள், எந்த ஊர் நேரம் என்றும் சேர்த்து.

அடுத்த மாநாடு 2026 நவம்பரில் துருக்கியின் அன்டால்யாவில். பேச்சுவார்த்தையை ஆஸ்திரேலியா நடத்தும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஜெர்மனியின் பான் நகரில் அதிகாரிகள் மட்டத்திலான அமர்வு நடக்கிறது. தலைவர்கள் வரமாட்டார்கள், கேமராக் கூட்டமும் குறைவு. நவம்பரில் சண்டை போடப்போகும் பத்திகளில் பலவற்றை அங்கேதான் முதலில் எழுதுகிறார்கள். பழகிக்கொள்ள அதுவே தோதான இடம்.